அரச குடும்பத்தில் இளையவராகப் பிறந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வில்லியம், ஹாரி மனஸ்தாபம் செய்தியில் அடிபடும்போதெல்லாம் அதே கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அண்ணன் ராஜா ஆவார், சரி, தம்பி என்ன ஆவார்? அவருக்குச் சொத்து உண்டா? இஷ்டப்பட்டவரைக் கட்டிக்கொள்ளலாமா? பதில்களைப் பெரும்பாலும் பிரிட்டிஷ் அரச குடும்பத்தை வைத்தே சொல்லியிருக்கிறேன். அங்கேதான் சட்டம், கணக்கு, டைரி என்று எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஸ்வீடன், டென்மார்க், ஜப்பான், திருவிதாங்கூர் எல்லாம் நடுநடுவே வரும்.

இளையவருக்கு அரண்மனையில் என்னதான் வேலை?

நடந்துவிடக் கூடாது என்று எல்லோரும் வேண்டிக்கொள்கிற ஒன்றுக்காகத் தயாராக இருப்பதுதான் வேலை. மூத்தவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் வம்சம் தடைபடக் கூடாது. பிரிட்டிஷ் பத்திரிகைகள் இளையவரை 'ஸ்பேர்' என்று கூசாமல் எழுதும். நம் ஊர்க் கணக்கில் காரின் பின்னால் கிடக்கும் ஸ்டெப்னி.

இந்த வேலையும் நிரந்தரம் கிடையாது. மூத்தவருக்குக் குழந்தை பிறந்ததுமே இளையவர் ஒரு படி கீழே இறங்கிவிடுவார். இரண்டாம் எலிசபெத்தின் தங்கை மார்கரெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1930 ஆகஸ்ட் 21 அன்று ஸ்காட்லாந்தின் கிளாமிஸ் கோட்டையில் பிறந்தபோது அரியணை வரிசையில் நான்காம் இடம். 1936இல் பெரியப்பா முடி துறந்ததும் இரண்டாம் இடம். 1948இல் அக்காவுக்கு சார்லஸ் பிறந்தார், மூன்றாம் இடம். 1950இல் ஆன் பிறந்தார், நான்காம் இடம். 1952இல் அப்பா இறந்து அக்கா ராணியானபோது மறுபடி மூன்று. அதற்குப் பிறகு இறங்குமுகம்தான். 2002இல் இறந்தபோது பதினோராம் இடம். ஒரு தவறும் செய்யாமல், வீட்டில் குழந்தைகள் பிறந்துகொண்டே இருந்ததால் மட்டும் வந்த இறக்கம் இது.

அப்படி மாற்றாக இருந்தவர்கள் உண்மையிலேயே அரியணை ஏறியிருக்கிறார்களா?

நிறையப் பேர். அண்ணன் ஆர்தர் 1502இல் பதினைந்து வயதில் இறந்ததால்தான் எட்டாம் ஹென்றி ராஜாவானார். அண்ணனின் விதவை கேத்தரினையே 1509இல் கல்யாணமும் செய்துகொண்டார். இருபது வருடம் கழித்து அவரை விலக்க நினைத்தபோது, அண்ணன் மனைவியைக் கட்டியது பாவம் என்ற வாதத்தைத்தான் கையில் எடுத்தார். இங்கிலாந்துத் திருச்சபை போப்பிடமிருந்து பிரிந்தது அந்த வழக்கில்தான். முதலாம் சார்லஸும் இளையவர். எல்லோருக்கும் பிடித்தமான அண்ணன் ஹென்றி 1612இல் பதினெட்டு வயதில் காய்ச்சலில் போய்ச் சேர, உடம்புக்கு முடியாத பையன் என்று ஒதுக்கப்பட்ட தம்பி வாரிசானார். 1649இல் அவர் தலையை வெட்டினார்கள்.

இன்றைய சார்லஸ் மன்னரின் தாத்தா, கொள்ளுத்தாத்தா இருவருமே இரண்டாவது மகன்கள். கொள்ளுத்தாத்தா ஐந்தாம் ஜார்ஜ் கடற்படையிலேயே காலம் தள்ளலாம் என்றிருந்தவர். அண்ணன் ஆல்பர்ட் விக்டர் 1892 ஜனவரியில் இன்ஃப்ளூயன்சா வந்து இறந்தார். அண்ணனுக்கு அப்போதுதான் மேரி என்ற பெண்ணை நிச்சயம் செய்திருந்தார்கள். மறு வருடம் ஜூலையில் அதே மேரியை ஜார்ஜ் மணந்தார். அண்ணனின் இடமும் வந்தது, அண்ணனுக்குப் பேசி முடித்த பெண்ணும் வந்தார். ஆச்சரியம் என்னவென்றால், அது நல்ல குடும்பமாகவே அமைந்தது.

அவர்களுடைய இரண்டாவது மகன் ஆல்பர்ட், வீட்டில் 'பெர்ட்டி'. இவர் கதை தனி. திக்குவாய். இடது கைப் பழக்கத்தை வலுக்கட்டாயமாக வலது கைக்கு மாற்றினார்கள். முட்டி இடிக்கும் கால்களை நேராக்கச் சிறு வயதில் கம்பி கட்டி வைத்தார்கள். ஆஸ்போர்ன் கடற்படைப் பள்ளியின் கடைசித் தேர்வில் 68 பேரில் 68ஆவது. அண்ணன் எட்வர்டோ அழகன், பேச்சுக்காரர், போகிற ஊரெல்லாம் கூட்டம். அந்த அண்ணன் இருமுறை விவாகரத்தான அமெரிக்கப் பெண் வாலிஸ் சிம்ப்சனுக்காக ஒரு வருடம்கூட ஆளாமல் 1936 டிசம்பரில் முடி துறந்தார். தம்பி தன் அம்மா மேரியிடம் போய் விஷயத்தைச் சொல்லும்போது குழந்தை மாதிரி உடைந்து அழுதார். இதை அவரே டைரியில் எழுதி வைத்திருக்கிறார். அப்போது அவருக்கு நாற்பது வயது. அரசுக் கோப்பு ஒன்றைக்கூடப் பார்த்ததில்லையே என்று மவுண்ட்பேட்டனிடம் புலம்பினார். ஆனால் உலகப் போர் முடியும்வரை நாட்டைத் தாங்கி நின்ற ஆறாம் ஜார்ஜ் அவர்தான்.

மூத்தவருக்கும் இளையவருக்கும் ஒரே படிப்பு, ஒரே வளர்ப்புதானே?

துணிமணி ஒரே மாதிரி, படிப்பு வேறு. எலிசபெத்துக்கும் மார்கரெட்டுக்கும் நாலு வயது வித்தியாசம். ஆனாலும் சின்ன வயதுப் படங்களைப் பாருங்கள், ஒரே கோட், ஒரே தொப்பி, ஒரே ஷூ. இருவருக்கும் வீட்டிலேயே மரியன் க்ராஃபோர்டு என்ற ஸ்காட்லாந்து ஆசிரியை பாடம் சொன்னார். 1937 மே மாதம் அப்பாவின் முடிசூட்டு விழாவுக்கு இரண்டு பெண்களுக்கும் எடை குறைந்த குட்டிக் கிரீடங்கள் செய்துகொடுத்தார்கள். மார்கரெட்டுக்கு அப்போது ஆறு வயது.

வித்தியாசம் அதற்குப் பிறகு ஆரம்பித்தது. ஈட்டன் பள்ளியின் துணைத் தலைவர் ஹென்றி மார்ட்டனிடம் எலிசபெத்தை அரசியல் சாசன வரலாறு படிக்க அனுப்பினார்கள். மந்திரிசபை எப்படி இயங்குகிறது, ராஜா எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதெல்லாம் அந்தப் பாடத்தில் வரும். மார்கரெட்டுக்கு அந்தப் பாடம் இல்லை. பியானோ, பாட்டு, பிரெஞ்சு இருந்தன. போர்க்காலத்தில் விண்ட்சர் கோட்டையில் கிறிஸ்துமஸ் நாடகங்கள் போட்டபோது கலக்கியது தங்கைதான். அடுத்தவர் போலப் பேசிக்காட்டுவதில் கெட்டிக்காரி. தனக்கு ஒழுங்கான படிப்பு கிடைக்கவில்லை என்ற குறை பெரியவரான பிறகும் அவரை விட்டுப் போகவில்லை. எனக்கு இதுதான் பெரிய அநியாயமாகத் தெரிகிறது. வரிசையில் இரண்டாம் இடத்தில் வைத்திருக்கும் பெண்ணுக்கு அந்த வேலைக்கான பாடத்தைச் சொல்லிக்கொடுக்காமல் விடுவது எந்த ஊர் நியாயம்?

சொத்து எப்படிப் பிரியும்?

பிரியாது. இதைப் புரிந்துகொண்டால் பாதி குடும்பச் சண்டை புரிந்துவிடும்.

கார்ன்வால் டச்சி என்று ஒரு எஸ்டேட். 1337இல் உருவாக்கப்பட்டது. ஒரு லட்சம் ஏக்கருக்கு மேல் நிலம், கட்டடங்கள், வாடகை. அந்த வருமானம் ஆட்சியில் இருப்பவரின் மூத்த மகனுக்கு. 2022இல் இது வில்லியமுக்கு வந்தது, வருடத்துக்கு 2 கோடி பவுண்டுக்கு மேல் தருகிறது. லங்காஸ்டர் டச்சி என்று இன்னொன்று, அது ராஜாவுக்கு. இளையவருக்கென்று மூன்றாவது டச்சி எதுவும் கிடையாது. பட்டப் பெயரில் 'டியூக்' இருக்கும், நிலம் இருக்காது.

முன்பு நாடாளுமன்றம் சிவில் லிஸ்ட் என்ற பெயரில் ஒவ்வொருவருக்கும் படி கொடுத்தது. மார்கரெட்டுக்கு வருடம் 6,000 பவுண்ட், கல்யாணத்துக்குப் பிறகு 15,000. 2012 முதல் அந்த ஏற்பாடு போய், அரசுப் பணம் மொத்தமும் ஆட்சியில் இருப்பவரின் கைக்கே வருகிறது. குடும்பத்துக்காக வேலை செய்பவர்களின் செலவை அவர் பார்த்துக்கொள்வார். ஆக, இளையவர் முதலில் அப்பாவை அண்டி, பிறகு அண்ணனை அண்டி வாழவேண்டும். சொந்தமாகச் சம்பாதிக்கக் கிளம்பினால் 'பட்டத்தை விற்கிறார்' என்று பத்திரிகைகள் பிடித்துக்கொள்ளும்.

கல்யாணமாவது இஷ்டப்படி செய்துகொள்ளலாமா?

வரிசையில் எங்கே நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

1772ஆம் ஆண்டு அரச திருமணச் சட்டம் ஒன்று இருந்தது. தன் தம்பிகள் செய்த கல்யாணங்கள் பிடிக்காமல் மூன்றாம் ஜார்ஜ் கொண்டுவந்தது. அதன்படி 25 வயதுக்குள் கல்யாணம் என்றால் ஆட்சியில் இருப்பவரின் சம்மதம் கட்டாயம். 25 தாண்டினால் ஆட்சியாளரின் ஆலோசனைக் குழுவான ப்ரிவி கவுன்சிலுக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டு ஒரு வருடம் காத்திருக்கலாம். நாடாளுமன்றத்தின் இரு சபைகளும் எதிர்க்காமல் இருக்கவேண்டும்.

இதில் சிக்கியவர் மார்கரெட். அவர் விரும்பியது பீட்டர் டவுன்செண்டை. போரில் விமானம் ஓட்டியவர், அப்பாவின் உதவியாளர், பதினாறு வயது மூத்தவர், விவாகரத்தானவர். 1953 ஜூன் 2, எலிசபெத்தின் முடிசூட்டு நாள். வெஸ்ட்மின்ஸ்டர் அபே வாசலில் டவுன்செண்டின் சட்டையில் ஒட்டியிருந்த ஒரு தூசை மார்கரெட் கையால் தட்டிவிட்டார். அவ்வளவுதான். நிருபர்கள் பார்த்துவிட்டார்கள். அந்த ஒரு கையசைவு போதுமாக இருந்தது. டவுன்செண்டை பிரஸ்ஸல்ஸுக்கு மாற்றினார்கள். 25 வயது ஆகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று மார்கரெட்டிடம் சொன்னார்கள். ஆனதும் 1955 அக்டோபர் 31 அன்று, அவரை மணக்கப்போவதில்லை என்று அறிக்கை விட்டார். திருச்சபையின் போதனையையும் காமன்வெல்த்துக்கான கடமையையும் காரணமாகச் சொன்னார்.

2004இல் வெளியான அரசுக் கோப்புகளில் ஒரு விஷயம் தெரியவந்தது. வாரிசு உரிமையை மட்டும் விட்டுக்கொடுத்தால் போதும், பட்டமும் படிப்பணமும் இருக்கட்டும் என்று அன்றைய பிரதமர் ஈடன் தரப்பில் ஒரு திட்டமே தயாராக இருந்திருக்கிறது. ஆக, வாசல் ஊர் நினைத்த அளவுக்கு இறுக மூடியிருக்கவில்லை. மார்கரெட் 1960இல் புகைப்படக்காரர் ஆண்டனி ஆம்ஸ்ட்ராங்-ஜோன்ஸை மணந்தார், 1978இல் விவாகரத்து. 2005இல் அரியணைக்கு முதல் வாரிசாக இருந்த சார்லஸ், விவாகரத்தான கமிலாவை மணந்தபோது மார்கரெட் உயிரோடு இல்லை.

இப்போது அந்தப் பழைய சட்டம் இல்லை. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி வரிசையில் முதல் ஆறு பேருக்கு மட்டும் சம்மதம் தேவை. 2018 மே 19 அன்று கல்யாண மேடை ஏறியபோது ஹாரி சரியாக ஆறாவது. முந்தைய மாதம்தான் வில்லியமின் மகன் லூயி பிறந்து அவரை ஒரு இடம் கீழே தள்ளியிருந்தார்.

அக்கா மூத்தவர், தம்பி ராஜா. இது எப்படி?

நேற்றுவரை அப்படித்தான். மகன் பிறந்தால் அக்காக்களைத் தாண்டிப் போய்விடுவார். ஆன் இளவரசி 1950இல் பிறந்தவர். 1960இல் ஆண்ட்ரூ, 1964இல் எட்வர்ட் என்று தம்பிகள் பிறக்கப் பிறக்க அவர் பின்னால் போனார். தம்பிகளின் பிள்ளைகளும் அவருக்கு முன்னால்.

விக்டோரியா ராணியின் மூத்த குழந்தையும் பெண்தான், அவர் பெயரும் விக்டோரியா. படிப்பில் தம்பி எட்வர்ட் கிட்டேகூட நிற்க முடியாது. ஆனால் 1901 ஜனவரியில் அரியணை தம்பிக்குப் போனது. இன்றைய சட்டம் அன்று இருந்திருந்தால் அக்கா ராணியாகி, அதே ஆகஸ்டில் இறந்ததும் அவர் மகன் பிரிட்டனின் ராஜாவாகியிருப்பார். அந்த மகன் யார் தெரியுமா? ஜெர்மனியின் கைசர் இரண்டாம் வில்ஹெல்ம்.

2011 அக்டோபர் 28க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு பிரிட்டன் இந்த முறையை ஒழித்துவிட்டது. அதனால்தான் 2018இல் லூயி பிறந்தபோது அக்கா சார்லட் தன் இடத்திலேயே இருந்தார். ஸ்வீடன் இதை 1980 ஜனவரி 1 அன்றே செய்தது. அங்கே வேடிக்கை என்னவென்றால், சட்டம் அமலுக்கு வந்தபோது பட்டத்து இளவரசர் ஏற்கெனவே பிறந்திருந்தார். கார்ல் ஃபிலிப், ஏழு மாதக் கைக்குழந்தை. தொட்டிலில் கிடந்தபடியே பட்டத்தை இழந்தார், இரண்டு வயது அக்கா விக்டோரியா வாரிசானார். பிறந்த பிறகு பறித்தது சரியில்லை என்று அப்பா கார்ல் குஸ்தாவ் மன்னர் பல வருடம் கழித்தும் சொல்லிக்கொண்டிருந்தார்.

போர்முனைக்கு மட்டும் ஏன் தம்பிகளையே அனுப்புகிறார்கள்?

மூத்தவரை இழக்க முடியாது, அதுதான் கணக்கு. 1982 ஃபாக்லாந்து போரில் ஆண்ட்ரூ ஹெலிகாப்டர் ஓட்டினார். அப்போது வில்லியம் பிறக்கவில்லை, ஆண்ட்ரூ வரிசையில் இரண்டாமவர். பின்வாங்கவைக்கலாமா என்று அரசில் யோசித்தார்கள், ராணி அவர் போகட்டும் என்றார். ஹாரி 2007 டிசம்பரில் ரகசியமாக ஆஃப்கானிஸ்தானின் ஹெல்மண்ட் போய், செய்தி கசிந்ததால் பத்து வாரத்தில் திரும்பினார். 2012இல் அப்பாச்சி ஹெலிகாப்டரோடு மறுபடி போனார். வில்லியம் செய்தது வேல்ஸ் கடற்கரையில் மீட்பு ஹெலிகாப்டர் வேலை. அதுவும் சுலபமான வேலை இல்லைதான், ஆனால் யாரும் குறிவைத்துச் சுடமாட்டார்கள். போர்முனையில் இருந்த காலத்தைத்தான் ஹாரி தன் நல்ல நாட்களாகச் சொல்கிறார். அங்கே அவருக்கு ஒரு வேலை இருந்தது என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இளையவர்கள் எல்லாம் ஏன் தறுதலையாகிறார்கள்?

எல்லோரும் ஆவதில்லை. ஒழுங்காக இருப்பவர்கள் செய்தியில் வருவதில்லை. ஆன் 1976 மாண்ட்ரியால் ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் கலந்துகொண்டவர், வருடத்துக்கு நூற்றுக்கணக்கான நிகழ்ச்சிகளுக்குப் போகிறவர். எட்வர்ட் கடற்படைப் பயிற்சியை 1987இல் பாதியில் விட்டபோது சிரித்தார்கள். இன்று குடும்பத்தின் பாரத்தைச் சத்தமில்லாமல் சுமக்கிறவர்களில் அவர் ஒருவர். 2022இல் ராஜாவின் சார்பில் கையெழுத்துப் போட ஆள் போதவில்லை என்றபோது, சட்டம் போட்டு ஆனையும் எட்வர்டையும்தான் சேர்த்தார்கள்.

கடைக்குட்டிகளில் யாரும் அதிகம் பேசாத ஒரு பையன் உண்டு. ஆறாம் ஜார்ஜின் தம்பி ஜான், 1905இல் பிறந்தவர். வலிப்பு நோய். 1917இலிருந்து சாண்ட்ரிங்ஹாம் எஸ்டேட்டில் ஒரு பண்ணை வீட்டில் தாதியோடு தனியாக வைத்தார்கள். 1919 ஜனவரியில் பதின்மூன்று வயதில் அங்கேயே இறந்தார்.

பழைய காலத்தில் தம்பிகளைக் கொன்றுவிடுவார்களாமே?

உதுமானியப் பேரரசில் ஆம். மூன்றாம் மெஹ்மத் 1595இல் பட்டத்துக்கு வந்ததும் தம்பிகள் பத்தொன்பது பேரைக் கொல்லவைத்தார். அவர் மகன் முதலாம் அகமது 1603இல் வந்தபோது தம்பி முஸ்தபாவை விட்டுவைத்தார். பிறகு தம்பிகளை அரண்மனைக்குள்ளேயே அடைத்துவைக்கும் வழக்கம் வந்தது. அடைபட்டே வளர்ந்த முஸ்தபாவை 1617இல் அரியணையில் உட்காரவைத்துப் பார்த்தார்கள், சில மாதமே தாங்கியது. முகலாயர்களிடம் மூத்தவருக்கே என்ற விதி கிடையாது. ஷாஜகானின் மூன்றாவது மகன் ஔரங்கசீப், அண்ணன் தாராவைத் தோற்கடித்துத்தான் வந்தார்.

நம் பக்கம் எப்படி இருந்தது?

இடத்துக்கு இடம் வேறு. திருவிதாங்கூரில் மருமக்கள் வழி. ராஜாவின் மகனுக்கு அரியணை கிடையாது, உடன்பிறந்த தம்பிக்கும் சகோதரி மகனுக்கும் போகும். அங்கே இளையவர் வெறும் ஸ்பேர் இல்லை, அவரே அடுத்தவர். கடைசி மன்னர் சித்திரைத் திருநாள் 1991இல் இறந்ததும் குடும்பத் தலைமை தம்பி உத்திராடம் திருநாளுக்கு வந்தது. 1956வரை அந்த மண்ணில் இருந்த கன்னியாகுமரி மாவட்டத்துப் பெரியவர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல.

தமிழ்நாட்டுப் பெரிய ஜமீன்களில் பிரிட்டிஷ் கதைதான். ஜமீன் பங்கு பிரியாது, மூத்தவருக்கு மொத்தமும், இளையவர்களுக்கு ஜீவனாம்சம். 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வரும்வரை கோர்ட்டு வாசலில் காத்துக் கிடந்த தம்பிகள் ஏராளம். தஞ்சாவூர் மராட்டிய அரசோ ஒரு தம்பி ஆரம்பித்தது. சிவாஜியின் மாற்றாந்தாய் மகன் ஏகோஜி பிடித்த ஊர் அது. 1677இல் தெற்கே வந்த சிவாஜி, அப்பாவின் சொத்தில் பங்கு கேட்டது அந்தத் தம்பியிடம்தான்.

இன்றைக்கும் இளையவர் பக்கம் அரியணை போக வாய்ப்புண்டா?

ஜப்பானில் உண்டு. நருஹிதோ பேரரசருக்கு ஒரே மகள் ஐகோ. அங்கே பெண் அரியணை ஏறச் சட்டம் இடம்கொடுக்காது. எனவே அடுத்த வாரிசு தம்பி அகிஷினோ, அவருக்குப் பின் அவர் மகன் ஹிசாஹிதோ. டென்மார்க்கில் இதற்கு நேரெதிர் நடந்தது. மன்னருக்கு மூன்றும் பெண்கள், வாரிசாகத் தம்பி நூட் இருந்தார். 1953இல் பொதுவாக்கெடுப்பு நடத்திப் பெண்களுக்கு வழிவிட்டார்கள். சித்தப்பாவின் கையை விட்டுப்போன இடம் பதின்மூன்று வயது மார்கரீத்தாவுக்கு வந்தது.

இளையவரின் பிள்ளைகளுக்குப் பட்டம் உண்டா?

பிரிட்டனில் 1917இல் ஐந்தாம் ஜார்ஜ் போட்ட விதிப்படி, ஆட்சியாளரின் மகன்வழிப் பேரப்பிள்ளைகளுக்கு மட்டும் இளவரசர், இளவரசி பட்டம். அதனால் மார்கரெட்டின் பிள்ளைகளுக்கு இல்லை. மகன் மரச்சாமான் தொழிலுக்கும் மகள் ஓவியத்துக்கும் போனார்கள். ஆன் இளவரசியின் பிள்ளைகளுக்கும் இல்லை.

மற்ற நாடுகளில் இப்போது கொடுத்ததையே திருப்பி வாங்குகிறார்கள். ஸ்வீடன் 2019இல் இளையவர்களின் பிள்ளைகளுக்கு அரச குடும்ப அந்தஸ்தை எடுத்துவிட்டது. டென்மார்க்கில் சித்தப்பாவின் இடத்துக்கு வந்து ராணியான மார்கரீத்தாவும், தன் இளைய மகன் யோவாகிமின் நான்கு பிள்ளைகளின் இளவரசர் பட்டத்தை 2023 ஜனவரி 1 முதல் நீக்கினார். அவர்கள் தங்கள் வாழ்க்கையைச் சுதந்திரமாக அமைத்துக்கொள்ளட்டும் என்பது ராணி சொன்ன காரணம். பிள்ளைகள் புண்பட்டிருக்கிறார்கள் என்று யோவாகிம் பத்திரிகைகளிடமே சொல்லிவிட்டார். இவ்வளவு மனக்கஷ்டம் வரும் என்று நினைக்கவில்லை என ராணி வருத்தம் தெரிவித்தார், பட்டத்தைத் திருப்பித் தரவில்லை. யோவாகிம் 2023இல் குடும்பத்தோடு வாஷிங்டன் போய், டென்மார்க் தூதரகத்தில் பாதுகாப்புத் தொழில்துறை அதிகாரியாக வேலைக்குச் சேர்ந்தார்.